கற்பனை ராஜ்ஜியங்களின் எல்லைத் தகராறு: வாதாடித் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி உலகத்தை எழுதிக்கொண்டிருந்தோம். வெண்கோடு என்று ஒரு மலைநாடு. தாரகம் என்று ஒரு சமவெளி நாடு. மலையில் பிறந்து சமவெளிக்கு இறங்கும் நெடும்புனல் ஆறு. ஆற்றின் பெரிய வளைவு ஒன்றில் ஏழு கிராமங்கள், ஏழூர்ப்பற்று என்று பெயர். அந்த ஏழூர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் மூன்று மாதம் கரைந்தது. கதை ஒரு பக்கம்கூட நகரவில்லை, ஆனால் வாதம் அவ்வளவு சுவாரசியமாக இருந்ததால் யாருக்கும் அது உறைக்கவில்லை.

பிறகு பழைய உரையாடல்களைத் திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. ஒருவர் வரைபடத்தைப் பற்றிப் பேசினார், ஒருவர் நியாயத்தைப் பற்றி, இன்னொருவர் படைபலத்தைப் பற்றி. ஐந்து பேர் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, அடுத்தவர் பதில் தப்பு என்று சண்டை போட்டிருக்கிறோம். நீங்கள் சேர்ந்து எழுதும் உலகமானாலும் சரி, யாரோ எழுதிய உலகத்தின் வரைபடத்தை வைத்து நண்பர்களோடு மல்லுக்கட்டுவதானாலும் சரி, வழி ஒன்றுதான்: எல்லைக்கோட்டைக் கடைசியில் போடுங்கள். அந்த மண்ணில் வரி வாங்குவது யார், திருடனைத் தண்டிப்பது யார், போர் வந்தால் ஆள் அனுப்ப வேண்டியது யாருக்கு என்பதை முதலில் பேசுங்கள். பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

1. கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

“இந்த இடம் யாருடையது” என்பது பார்க்க ஒரு கேள்வி, உள்ளே மூன்று. யார் உரிமை கோருகிறார்? யார் கையில் இருக்கிறது? யாருடையது என்று மற்றவர்கள் ஏற்கிறார்கள்? மூன்றுக்கும் ஒரே பதில் கிடைக்கும் இடத்தில் தகராறே வராது. நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலே பதில்கள் பிரிகின்றன என்று அர்த்தம்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது: “யாருடையதாக இருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும்?” இது நல்ல கேள்விதான். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற மூன்றுக்கும் பதில் சொல்வதுபோல் நடிப்பவர்தான் எல்லா வாதத்தையும் கெடுப்பார். எங்கள் ஐவரில் அந்த ஆள் நான். வெண்கோட்டு இளவரசியை உருவாக்கியவன் என்பதால் ஏழூர் அவளுக்குத்தான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன். விருப்பத்தை விருப்பம் என்றே சொல்லிவிடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

2. ஆண்டைக் குறியுங்கள்

எந்த ஆண்டு நிலவரம் என்று சொல்லாமல் எல்லையைப் பேச முடியாது. ஒருவர் பெரும்போருக்கு முந்தைய நாட்டையும் மற்றவர் அதற்குப் பிந்தைய நாட்டையும் வைத்து வாதாடினால் விடிய விடியப் பேசலாம். பேச்சைத் தொடங்கும்போதே “இன்ன மன்னரின் இன்ன ஆட்சியாண்டு, அறுவடைக்குப் பிறகு” என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அறுவடை வரை போக வேண்டுமா என்று தோன்றும். போக வேண்டும். பனிக்காலத்தில் ஒருவர் கையிலும் கோடையில் இன்னொருவர் கையிலும் இருக்கும் நிலங்கள் உண்டு.

3. சாட்சிகளைத் தரம் பிரியுங்கள்

வரைபடத்தைக் கடைசித் தீர்ப்பாக நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வரைபடமும் ஒரு சாட்சிதான், அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கேட்க வேண்டியவை: கதைக்குள் இதை வரைந்தது யார்? எந்த அரசவைக்காக? அவர் அந்த இடத்துக்குப் போனாரா, கேள்விப்பட்டதை வரைந்தாரா? அல்லது இது கதைக்கு வெளியே, வாசகர் வசதிக்காக ஓவியர் போட்டதா? கடைசி வகையானால் கோட்டின் தடிமனே சில மைல் அகலம் இருக்கும். அதற்குள் விழும் ஊரைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லவில்லை.

நான் கைக்கொள்ளும் வரிசை இது. கதைசொல்லி நேரடியாகச் சொன்ன செய்தி முதலில். அடுத்தது கதைக்குள் நடந்த காரியம்: வரி வசூல், சுங்கச் சாவடி, தீர்ப்பு, காவல் படை. அதற்கும் கீழே, தனக்கு லாபமில்லாத ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. வரைபடம் அதற்குப் பிறகு. தன் பக்கத்துக்கு வாதாடும் அரசனின் பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசி.

இதைச் சொன்னால் “அப்படியானால் வரைபடத்துக்கு மதிப்பே இல்லையா” என்று வரைபடப் பிரியர்கள் முகம் வாடுவார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஒரு நிஜ வழக்கு. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே பிரெயா விஹார் கோயில் யாருடையது என்ற தகராறு. 1904 ஒப்பந்தம் அந்த மலைத்தொடரின் நீர்பிரி கோடே, அதாவது மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரியும் கோடே எல்லை என்றது. அன்று கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்து 1907-இல் தேதியிட்ட வரைபடமோ கோயிலைக் கம்போடியப் பக்கம் காட்டியது. சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) அரசு வரைபடத்தைப் பெற்றுக்கொண்டு பல ஆண்டுகள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. 1962-இல் பன்னாட்டு நீதிமன்றம் கோயில் கம்போடியாவுக்கே என்றது. அங்கே வரைபடத்துக்கு வலு கொடுத்தது எதிர்த்தரப்பின் மௌனம். உங்கள் உலகத்திலும் அதையே தேடுங்கள்: இந்தப் படத்தை எதிரி அரசவை பார்த்ததா, பார்த்தும் சும்மா இருந்ததா?

4. எல்லை எந்த வகை என்று தீர்மானியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். ஒரு நாடு முடிந்த கணத்தில் அடுத்தது தொடங்கும் என்பது நம் காலத்துப் பழக்கம். அரசர்களும் வாள்களும் உள்ள உலகத்தில் நாடு என்பது பெரும்பாலும் விளக்கு வெளிச்சம் மாதிரி. தலைநகரில் பளிச்சென்றும், விளிம்பில் மங்கலாகவும் இருக்கும். இரண்டு விளக்குகளின் வெளிச்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களும் உண்டு.

இன்றைய ஒகினாவா தீவுகளில் இருந்த ரியூக்யூ அரசு 1609-இல் ஜப்பானின் சத்சுமா சிற்றரசின் படைகளிடம் தோற்று அவர்களுக்குக் கட்டுப்பட்டது. ஆனாலும் சீனப் பேரரசருக்குக் கப்பம் அனுப்புவதை அதற்குப் பிறகும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நிறுத்தவில்லை. அது யாருடைய நாடு என்று ஒரே நிறத்தில் வண்ணம் அடிக்க முடியுமா? பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள சின்ன நாடான அண்டோரா 1278 உடன்படிக்கையிலிருந்து இரண்டு தலைவர்களுக்குப் பொது. ஒருவர் ஸ்பெயினிலுள்ள உர்ஹெல் ஆயர். இன்னொருவர் அன்று ஃபுவா பிரபு, இன்று பிரான்ஸ் அதிபர். கற்பனையில் யாராவது இதை எழுதினால் “லாஜிக் இல்லை” என்று நாமே அடித்திருப்போம்.

சுவரைப் பார்த்ததும் எல்லை என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. பிரிட்டனில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவர் கி.பி. 122-இல் தொடங்கியது, நீளம் 117 கிலோமீட்டர். அதற்கு வடக்கேயும் ரோமானியரின் காவல் கோட்டைகள் இருந்தன. சுவர் ஆட்களையும் கால்நடையையும் கண்காணிக்க வசதியான இடத்தில் கட்டப்படும். ஆட்சியின் கை அதைத் தாண்டியும் நீளலாம், அதற்கு முன்பே ஓய்ந்தும் போகலாம்.

ஆகவே கேளுங்கள்: இது கல் நட்ட எல்லையா, இருவருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலமா, யாரும் குடியேறாத காட்டு வெளியா, இரண்டு பக்கமும் கப்பம் கட்டும் சிற்றரசா? ஒரே நாட்டுக்கு ஒரு பக்கம் கல்லும் மறுபக்கம் காடும் எல்லையாக இருக்கலாம். கல் நட்டதுதான் என்றால் நட்டவர் யார், சாட்சி யார் என்பதும் வேண்டும். சோழர் செப்பேடுகளில் தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடக்கவிட்டு, அதன் தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டதாக வருகிறது. ஊரே பார்க்க நடக்கும் ஒரு சடங்கு எத்தனை வரைபடங்களுக்குச் சமம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் உலகத்தில் யானைக்குப் பதில் என்ன நடந்தது?

5. நிலத்தை விசாரியுங்கள்

ஆறுதான் எல்லை என்றால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அப்போதுதான் தொடங்குகிறது. எந்தக் கரை? நீரோட்டத்தின் நடுவா, படகு போகும் ஆழமான தடமா? இரண்டுக்கும் நடுவே ஒரு தீவு கிடந்தால், எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்துத் தீவு கைமாறும். பாலத்தின் சுங்கம் யாருக்கு? மீன்?

ஆறு இடம் மாறினால் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையான ரியோ கிராண்டே ஆறு எல் பாஸோ அருகே தெற்கே நகர்ந்தது, 1864 வெள்ளத்தில் பெரிய அளவில். சமிசால் என்ற அந்தத் துண்டு நிலத்துக்காக 1911-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா ஏற்கவில்லை. 1963-இல்தான் உடன்பாடு ஆனது. இந்த மாதிரி வழக்குகளில் பொதுவாகப் பின்பற்றும் விதி ஒன்று உண்டு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஆறு கரையை மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் தாவி வேறு தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும்.

எங்கள் ஏழூர் தகராறு இங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. நான்கு ஊர்கள் பழைய தடத்துக்கும் புதிய தடத்துக்கும் நடுவே இருந்தன. ஆறு எப்படி நகர்ந்தது என்று நாங்கள் யாருமே எழுதியிருக்கவில்லை! இரண்டு தரப்பும் ஆற்றைத்தான் சாட்சிக்கு அழைத்தோம், ஆனால் வேறு வேறு ஆற்றை.

மலையும் அவ்வளவு யோக்கியம் இல்லை. மிக உயர்ந்த சிகரங்களை இணைக்கும் கோடும், மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரியும் கோடும் ஒன்றே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிலியும் அர்ஜென்டினாவும் 1881-இல் அப்படித்தான் எழுதினார்கள், நீரைப் பிரிக்கும் உயர்ந்த சிகரங்களே எல்லை என்று. தெற்கே போகப் போக இரண்டு கோடும் வெகுதூரம் விலகியது தெரியவந்தது. 1902-இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட் பெயரில் வந்த நடுவர் தீர்ப்பு இரண்டுக்கும் இடையே ஒரு வழி பார்த்தது. ஃபேன்டஸி வரைபடங்களில் மலைகளை முக்கோணம் முக்கோணமாக வரைந்துவிட்டு நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை விட்டுவிடுகிறோம். ஆறுகளை முதலில் வரையுங்கள், மலை எல்லை தானாகத் தெரியும்.

காடும் பாலைவனமும் கோடாக இருப்பது அரிது. அங்கே கிணறுகளையும் வழிகளையும் எண்ணுங்கள், போதும்.

6. கை எட்டும் தூரத்தை அளந்து பாருங்கள்

“வடகடல் வரை எங்கள் பேரரசு” என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே ஒரு காவல் படைக்கு யார் சோறு போடுவது?

ரோமப் படை கோடைப் பகலில் ஐந்து மணி நேரத்தில் நடக்க வேண்டிய தூரமாக வெகேஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் சொல்வது 20 ரோமானிய மைல், அதாவது 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொதிகளோடு நாள்தோறும் நடக்க 25 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பொதிக்குதிரை சுமார் 100 கிலோ சுமக்கும், மேய்ச்சல் இல்லாத இடத்தில் நாளுக்கு ஏறத்தாழ 5 கிலோ தானியம் தின்னும் என்று கொள்வோம். ஐந்து நாள் தொலைவில் உள்ள கோட்டைக்குப் போய்த் திரும்ப அதன் வயிற்றுக்கே 50 கிலோ. கோட்டைக்குச் சேர்வது பாதி. பத்து நாள் தொலைவென்றால் கொண்டுபோனது முழுவதும் குதிரைக்கே சரி. குதிரைக்காரனை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆக மேய்ச்சலும் ஊர்களும் இல்லாத வெளியில் 125 கிலோமீட்டரைத் தாண்டினாலே ஆட்சி மெலியத் தொடங்கும், 250-இல் அறுந்துபோகும். படகு போகும் ஆறோ கடலோ இருந்தால் இந்தக் கணக்கு அடியோடு மாறும். அதனால்தான் பேரரசுகள் தண்ணீரை ஒட்டி நீள்கின்றன.

காகிதமும் பென்சிலும் எடுத்து, தலைநகரைச் சுற்றி மட்டுமல்லாமல் ஒவ்வொரு பெரிய களஞ்சியத்தையும் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டங்கள் தொடாத இடத்தில் இருப்பது உரிமை கோரல் மட்டும். எங்கள் கணக்கில் வெண்கோட்டின் தலைநகரிலிருந்து ஏழூர் ஒன்பது நாள், நடுவே வருடத்தில் நான்கு மாதம் பனி மூடும் கணவாய். தாரகத்திலிருந்து ஆற்றை எதிர்த்துப் படகு இழுத்து வந்தால் நான்கு நாள். என் இளவரசியின் நிலைமை கவலைக்கிடமானது.

7. ஒப்பந்தத்தின் சொற்களைப் பிடித்துத் தொங்குங்கள்

இங்கே கஞ்சத்தனமாக, வக்கீல்தனமாகப் படிப்பதே தர்மம். 1659 பைரனீஸ் உடன்படிக்கையைத் தொடர்ந்து பைரனீஸ் மலையிலுள்ள செர்தான்யா பள்ளத்தாக்கில் 33 கிராமங்கள் பிரான்ஸுக்குப் போயின. யீவியா என்ற ஊர் மட்டும் தன்னைக் கிராமம் இல்லை, நகரம் என்று காட்டித் தப்பியது. இன்றும் பிரான்ஸ் சூழ்ந்த ஸ்பெயின் ஊராக இருக்கிறது. ஒரே ஒரு சொல்!

1494 தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை இன்னும் நல்ல பாடம். கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் போர்ச்சுகலுக்கு, அந்தப் பக்கம் ஸ்பெயினுக்கு. எந்தத் தீவிலிருந்து அளப்பது, ஒரு லீக் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. உலகம் உருண்டை என்பதால் கோட்டின் மறுபாதி எங்கே விழும் என்பதும் இல்லை. இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மலுக்கு தீவுகளின் வாசனைப் பொருட்களுக்காக அந்தச் சண்டை முற்றி, 1529-இல் ஸ்பெயின் தன் உரிமைகோரலை 3,50,000 டூக்கட் பொற்காசுக்குப் போர்ச்சுகலுக்கு விட்டுக்கொடுத்தது.

உங்கள் உலக ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து, “ஊர்”, “நாள் வழி”, “கரை”, “என்றென்றும்” போன்ற சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். அவற்றில் ஒன்று நிச்சயமாக ஓட்டை.

8. மாயத்துக்கு விதி எழுதுங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் நிஜ உலகத்துக்கும் பொருந்தும். ஃபேன்டஸியில் அரிதாக எழுதப்படுவதும் ருசியானதும் இந்தப் பகுதிதான்.

சாகாதவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் எதிர்ப்பின்றி அனுபவித்தால் உரிமை பிறக்கும் என்பது மனிதர்களின் வழக்கம், ஏனென்றால் பழைய சாட்சிகள் செத்துப்போவார்கள். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவளே 900 ஆண்டுகள் கழித்து எதிரே உட்கார்ந்து, “நான் அப்படிச் சொல்லவில்லை” என்றால்? அவளுக்கு நூறாண்டு ஆக்கிரமிப்பு என்பது பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வாரம் வாசலில் வண்டி நிறுத்தியது மாதிரி. மனித அரசுக்கும் சாகாதவர் அரசுக்கும் நடுவே “நெடுங்காலம்” எத்தனை ஆண்டு என்று முதலில் முடிவுசெய்யாமல் வாதமே தொடங்கக் கூடாது.

மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டும் குள்ளர்கள் இருந்தால் எல்லைக்கு ஆழமும் வேண்டும். மேலே ஒருவர் வயல், கீழே ஒருவர் நகரம். கிணறு தோண்டினால் அத்துமீறலா?

பறக்கும் நாகம் மலையை ஒன்றுமில்லாததாக்கிவிடும் என்பார்கள். நாகமும் தின்ன வேண்டும், இறங்க வேண்டும். ஆறாவது படியின் கணக்கை அதற்கும் போடுங்கள். வானவழி வந்து எரித்துவிட்டுப் போக முடியும், வரி வசூலிக்க இறங்கித்தான் ஆக வேண்டும். மாயவாசல்களோ வேறு மாதிரி: வாசலின் மறுமுனை அயல்நாட்டுக்குள் ஒரு திட்டாகிவிடும். திட்டுகள் விசித்திரம் என்று ஒதுக்காதீர்கள், இந்தியாவும் வங்கதேசமும் 2015-இல் பரிமாறிக்கொண்ட திட்டு நிலங்கள் 162.

நடக்கும் காடு உங்கள் எல்லை என்றால், ஆற்று விதியை அப்படியே பூட்டிப் பாருங்கள். வேர்விட்டு மெல்லப் பரவினால் எல்லை பின்தொடரும், ஒரே இரவில் நடந்து வந்தால் பழைய இடத்திலேயே நிற்கும்.

ஒன்றை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிடுங்கள்: “உண்மையான அரசனின் மண் எது என்று மண்ணுக்கே தெரியும்” என்ற மந்திரம். அதை அனுமதித்தால் தகராறு ஒரு நொடியில் முடியும், கூடவே கதையும்.

9. அமர்வை நடத்துங்கள்

ஒரு தரப்புக்கு ஒருவர், நடுவர் ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். தன் செல்லப் பாத்திரத்தின் நாட்டுக்கு யாரும் வாதாடக் கூடாது, எதிர்நாட்டை எடுக்க வேண்டும். இந்த ஒரு விதி எங்களுக்கு மூன்று மாதத்தை ஒரு மாலையாகச் சுருக்கியது. தாரகத்துக்காக நான் வாதாட வேண்டி வந்தபோதுதான், அவர்கள் பக்கம் எவ்வளவு ஆதாரம் கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

தொடக்கத்தில் நடுவர் இரு தரப்பையும் ஒன்று கேட்க வேண்டும்: “எதைக் காட்டினால் நீங்கள் விட்டுக்கொடுப்பீர்கள்?” எதுவும் இல்லை என்று சொல்பவரோடு பேசிப் பயனில்லை, அவரை இரண்டாம் கேள்விக்கே அழைக்காதீர்கள். ஆதாரமே கிடைக்காத இடத்தில், குறித்த ஆண்டில் கையில் வைத்திருப்பவருக்கே நிலம், மாற்றச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். புதிதாக ஒரு ஆதாரத்தைக் கண்டுபிடித்து எழுதலாம், ஆனால் அமர்வு நடக்கும்போது கூடாது.

10. இப்போது கோட்டைப் போடுங்கள்

மூன்று வகைக் கோடு போதும். இருவரும் ஏற்றதற்கு முழுக்கோடு, ஒருவர் மட்டும் சொல்வதற்குப் புள்ளிக்கோடு, கலந்த ஆட்சிக்குச் சாய்கோட்டு நிழல். பக்கத்தில் ஆண்டும், எந்த ஆதாரம் என்று ஒரு வரியும். தீராத இடங்களைத் தீராமலே விடுங்கள். எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிர் தவீல் பகுதியை இரண்டு நாடும் வேண்டாம் என்கின்றன. எகிப்து 1899-இல் போட்ட எல்லைக்கோட்டையும் சூடான் 1902-இல் போட்ட எல்லைக்கோட்டையும் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், பக்கத்திலுள்ள பெரிய ஹலாயிப் முக்கோணம். பிர் தவீலை எனது என்று சொல்பவர் எந்தக் கோட்டை ஒப்புக்கொள்கிறாரோ, அந்தக் கோட்டின்படி ஹலாயிப் மற்றவருக்குப் போய்விடும்.

ஏழூர்ப்பற்றுக்கு எங்கள் தீர்ப்பு இதுதான். ஆறு ஒரே வெள்ளத்தில் தாவியது என்று வாக்கெடுத்து முடிவு செய்தோம். ஆகவே பழைய தடப்படி நான்கு ஊர் வெண்கோட்டுக்கு. ஆனால் பனிக்காலத்தில் அங்கே வெண்கோட்டின் கை எட்டாது என்பதால், அறுவடைத் தானியத்தில் தாரகத்துக்கு ஒரு பங்கு, கோடை மேய்ச்சல் வரி வெண்கோட்டுக்கு. மற்ற மூன்றும் தாரகத்துக்கே. படத்தில் அந்த நான்கு ஊர்களுக்குச் சாய்கோட்டு நிழல் அடித்தோம்.

அன்று இரவே எங்களில் ஒருத்தி முதல் அத்தியாயத்தை எழுதி அனுப்பினாள். கணவாயில் பனி முந்திக்கொண்டு விழுந்த ஒரு வருடம், இரண்டு நாட்டு வரிக்காரர்களும் ஒரே காலையில் அதே ஊர் வாசலில் வந்து இறங்குகிறார்கள்.